கருவாலி கட்டிய வீடு

ஆனி மாதம் நாச்சியாரின் வீடு ஒரு பலாப்பழ அளவுக்கு இருந்தது. ஆடியில் ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம் என்றானது. ஆவணி முடிவதற்குள் வேல்மயில் உள்ளே போய் நின்று, கையைத் தூக்கி அளந்துவிட்டு, "ஃபேன் மாட்டுற உயரம் வந்துருச்சு" என்று வாசலுக்கு வந்து அறிவித்தான். கொடைக்கானலுக்கும் மேலே, ஸ்வெட்டர் போடாமல் பல் தேய்க்க முடியாத மேகப்பாறைச் சரிவில் ஃபேன் எதற்கு என்று நாச்சியார் கேட்கவில்லை. வீடு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற புருஷனை அப்படியெல்லாம் கேட்டு மடக்கக்கூடாது.

வீடு ஒரு கருவாலி மரத்தில் வளர்ந்தது. அடிமரம் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஏழு படி ஏணி உயரத்தில், தடித்த கிளையொன்றில் உருண்டு புடைத்து நின்றது. வெளியே பச்சையும் பழுப்பும் கலந்த தோல். உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்த சுவர். மழை நாளில் கையை வைத்தால் லேசாகக் கதகதப்பாக இருக்கும். கார்த்திகை கடைசியில் சுவர் இறுகிவிடும், பிறகு குடிபோகலாம் என்று சொல்லியிருந்தார்கள். நாச்சியாரின் வயிற்றில் இருந்ததற்கு மார்கழியில் நாள் குறித்திருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்தன.

நாச்சியாருக்குக் கருவாலி, இங்கிலீஷில் ஓக், புத்தகத்தில் பழக்கமான மரம். கொடைக்கானல் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. மதிய இடைவேளையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் விரிந்திருக்கும். பனி பெய்கிற தேசத்துக் கதைகளில் கருவாலியடியில்தான் எல்லாம் நடக்கும். காதலைச் சொல்வார்கள், துப்பாக்கி எடுத்துச் சுட்டுக்கொள்வார்கள், சொத்தை இழந்த பிரபு வந்து நின்று பெருமூச்சு விடுவார். அப்பேர்ப்பட்ட மரத்தின் கிளையில் தன் குக்கர் விசிலடிக்கப் போகிறது என்று நினைத்தாலே அவளுக்குச் சிரிப்பு வரும்.

மலைச்சரிவு எத்தனையோ தடவை பெயர்ந்து விழுந்த பிறகு, அங்கே கான்கிரீட் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. அதற்குப் பதிலாக வந்தவைதான் காய்வீடுகள். இதைத் தேனியிலிருந்த அம்மா அன்னக்கிளிக்குப் போனில் புரியவைக்க வேல்மயில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தான்.

"மாசிக்காய் தெரியும்லம்மா? பிள்ளைக்கு உரசி நாக்குல வைப்பீங்களே. அது காயே இல்ல. கருவாலி மரத்துல ஒரு குளவி முட்டை வைக்கும். வைக்கையில ஏதோ ஒரு மருந்தையும் சேர்த்து வச்சிரும். மரம் உடனே அந்த முட்டையைச் சுத்தி ஒரு ரூம் கட்டி, சுவத்துலயே சாப்பாட்டையும் வச்சுக் குடுத்துரும்."

"வாடகை?"

"வாடகையெல்லாம் கிடையாது."

"அப்ப அந்த மரம் ஏமாளியாடா?"

"ஏமாளியோ என்னவோ, அந்த மருந்தைத்தான் இப்ப மனுசனும் கண்டுபிடிச்சுட்டான். கிளையில கொஞ்சம் தடவுனா, எட்டு மாசத்துல பத்தடி ரூம்."

"அப்ப நீங்களும் புழுதான்னு சொல்லு" என்றாள் அன்னக்கிளி.

வேல்மயில் போனை நாச்சியாரிடம் கொடுத்துவிட்டான். மாமியார் அவளிடம் பேச வேண்டியதை மட்டும் பேசினாள். "ஏத்தா, வீடு வளர்றது நாலு பேரு கண்ணுல படும். சாயங்காலம் சாம்பிராணி போடு. மறந்துறாத."

நாச்சியார் மறக்கவில்லை.

மேகப்பாறையில் நாற்பத்திரண்டு மரங்கள், நாற்பத்திரண்டு குடும்பங்கள். மூன்று வருடம் வரிசையில் காத்திருந்து கிடைத்த இடம். அன்றிலிருந்து இன்றுவரை வேல்மயிலின் அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, அதற்கு இந்தப் பக்கம் அவர்களுடைய குடித்தனம். மரம் ஒதுக்கியபோது எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். 'மரம் முன்னால், வீடு பின்னால்' என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மரம் நலிந்தால் வீட்டை வெட்ட வேண்டுமே தவிர, வீட்டுக்காக மரத்தைச் சாகவிடக்கூடாது. நாச்சியார் அதை முழு மனதோடு ஒப்புக்கொண்டுதான் கையெழுத்திட்டாள். அந்தத் தாள் தன்னையே தேடி வரும் என்று அப்போது அவள் நினைக்கவில்லை.

புரட்டாசி முதல் வாரத்தில் மரநல ஆய்வாளர் பொன்மலர் வந்தாள். தூத்துக்குடிக்காரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மரத்தைப் பார்க்க வந்த அவளுக்கு உயரம் என்றால் பயம் என்பது மேகப்பாறை முழுக்கத் தெரியும். ஏழு படியையும் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். கிளைகளைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் வாய்க்குள் முணுமுணுத்தாள். இறங்கி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"இதைப் பாருங்கக்கா." அவள் உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவில் உருண்டைகள் கிடந்தன. "மாசிக்காய். உங்க கிளையில நானூத்திப் பதினொண்ணு இருக்கு. நூத்துக்கு மேல போகக்கூடாது."

"எண்ணிட்டீங்களா மேடம்?"

"பின்ன? தராசுல வச்சா பாப்பாக?"

வேல்மயில் பஸ் டிப்போ மெக்கானிக். எந்தப் பழுதுக்கும் ஒரு ஸ்பானர் உண்டு என்று நம்புகிறவன். "குளவிதானே? ஒரு மருந்தை அடிச்சுவிட்டா முடிஞ்சது."

"அதோட பிள்ளை உள்ள ரூம் போட்டுப் படுத்துருக்கு சார். மருந்து அதுக்கு எட்டவே எட்டாது. வெளிய திரியிற நல்ல பூச்சிதான் சாவும்." பொன்மலர் படியில் உட்கார்ந்தாள். "சும்மா நிக்கிற மரம்னா ஆயிரம் காய் காய்ச்சாலும் அசராது. ஆனா இது ஏற்கெனவே உங்க வீட்டைச் சுமக்குது. உங்க வீட்டுக்குப் போற சாறைத்தான் நானூறு குளவியும் பிடுங்கித் திங்குது. சுவரு இறுகாது. கிளையும் பட்டுப்போவும். இருபத்தொரு நாள் நோட்டீஸ்தான் நான் குடுக்க முடியும். அதுக்கப்புறம் கிளையை வெட்டிருவாங்க."

"வீடு?"

"கிளையில தானக்கா வீடு இருக்கு."

வெட்டினால் மறுபடி வரிசையின் கடைசி. மறுபடி மூன்று வருடம், மறுபடி சேலைத் திரை. பிள்ளை அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகும்.

"பக்கத்து மரத்துலயும் இந்தக் காய் இருக்கே?" என்று நாச்சியார் கேட்டாள்.

"இருக்கு, கொஞ்சமா." பொன்மலர் பக்கத்து மரத்துக்காரி ரோஸ்லின் அக்காவின் கிளையிலிருந்து பறித்திருந்த காயொன்றைக் கத்தியால் பிளந்தாள். உள்ளே கொசுவை விடச் சின்னதாக, மரகதத் துணுக்கு மாதிரி ஒன்று மடங்கிக் கிடந்தது. "இவதான் பச்சைக் குளவி. காயைத் தட்டிப் பாத்து, உள்ள புழு இருக்குன்னு தெரிஞ்சா ஊசியை இறக்கி முட்டை வச்சிருவா. இவ பிள்ளை அந்தப் புழுவைத் தின்னு வளரும். ரோஸ்லின் அக்கா மரத்துல பத்துக் காயை வெட்டுனா ஏழுல இவ இருக்கா. உங்க மரத்துலயும் பத்து வெட்டுனேன். ஒண்ணுல கூட இல்ல. உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்கான்னுதான் எனக்கு விளங்கல."

தன் கல்யாணத்துக்கு மட்டும் சொந்தக்காரர்கள் வராமல் போன மாதிரி நாச்சியாருக்கு வலித்தது.

மணி ஐந்தானது. பொன்மலர் கீழ்ப்படியில் உட்கார்ந்து நோட்டீஸை எழுதத் தொடங்கினாள். நாச்சியார் எழுந்து போய், மனம் எங்கேயோ இருக்க, கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்ய, தூபக்காலில் கங்கைப் போட்டு, சாம்பிராணியைத் தூவி, காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் ஒரு பிடி கடுகும் சேர்த்து, மரத்தைச் சுற்றி வந்தாள். புகை திரண்டு கிளைக்குள் ஏறியது.

பொன்மலர் இருமினாள். பிறகு தாளைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். எழுதிய வரிக்கு மேல் பச்சையாக ஏதோ மினுங்கியது. இன்னொன்று விழுந்தது, அப்புறம் மூன்று.

"அக்கா," என்றாள் மிக மெதுவாக, "அந்தச் சட்டியைக் கீழ வைங்க."

"சாம்பிராணி மேடம். திருஷ்டிக்கு."

"என்னைக்காவதா?"

"தினமும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இந்த வீடுதான் சரிவுலயே நல்லா உருண்டையா இருக்குன்னு எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. அதனால கொஞ்சம் கூடுதலாவே..."

பொன்மலர் தாளை அவள் முன்னே நீட்டினாள். அதில் ஏழு பச்சைத் துணுக்குகள் கால்களை மேலே மடக்கிக் கிடந்தன.

"வரலைன்னு சொன்னேன்ல?" என்றாள் பொன்மலர். "தினமும்தான் வந்துருக்கா. நீங்கதான் வாசல்லயே வச்சுக் கொன்னுருக்கீங்க."

நாச்சியார் தூபக்காலைக் கீழே வைத்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் கடுகு வெடித்துத் தெறித்ததில் பொன்மலர் துள்ளிக் குதித்து ஏணியிலிருந்தே விழப் பார்த்தாள். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு அன்பாக, எவ்வளவு ஒழுங்காக, நேரம் தவறாமல் தன் வீட்டைத் தானே கெடுத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க நாச்சியாருக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன.

பொன்மலர் நோட்டீஸைக் கிழிக்கவில்லை. கொடுக்கத்தான் செய்தாள். ஆனால் அதன் கீழ் மூலையில் விரலை வைத்துக் காட்டினாள். "'வெட்டும் முன் மாற்று வழி முயலப்பட்டதா?'ன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு பாத்தியளா? நான் வேலைக்கு வந்ததுல இருந்து யாரும் இதை நிரப்புனதே இல்ல. நாம நிரப்புவோம்."

வழி எளிமையானதுதான். ரோஸ்லின் அக்கா மரத்துக் காய்களைப் பறித்து, பையில் கட்டி, நாச்சியாரின் கிளையில் தொங்கவிட வேண்டும். பச்சைக் குளவிகள் வெளியே வந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் காய்களில் பத்துக்கு மூன்றில் காயை உண்டாக்குகிற காய்க்குளவியே உள்ளே இருக்குமே? அது வெளியே வந்தால் தொல்லை கூடும். சின்னது போக வேண்டும், பெரியது போகக்கூடாது. அப்படி ஓட்டையுள்ள துணி வேண்டும்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் சோதனை நடந்தது. பாட்டில்களில் இரண்டு வகைக் குளவிகளையும் விட்டு, வாயில் துணியைக் கட்டிப் பார்த்தார்கள். துண்டைக் கட்டினால் எதுவும் வரவில்லை. கொசுவலையைக் கட்டினால் எல்லாமே வந்துவிட்டன. அண்ணி முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். "கொட்டாதுக்கா, இதுக்குக் கொட்டத் தெரியாது" என்று நாச்சியார் பின்னாலேயே கத்தியும் பயனில்லை.

மூன்றாம் நாள் ரோஸ்லின் அக்கா ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே நாப்தலீன் உருண்டை வாசத்தோடு வெள்ளை வெளேரென்று ஒரு வலைத்துணி மடித்திருந்தது. அவள் கல்யாணத்தன்று தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நடந்த நெட்.

"அக்கா, இது வேணாம்" என்றாள் நாச்சியார்.

"கட்டிப் பாருடி மொதல்ல."

கட்டினார்கள். பச்சைக் குளவி ஓட்டையைத் தடவிப் பார்த்து, தோளைக் குறுக்கி, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. காய்க்குளவி தலையை மட்டும் நுழைத்துவிட்டுத் திண்டாடியது.

"என் மகன் கட்டிக்கப்போறவளுக்குன்னு இருபத்தாறு வருசமா வச்சிருந்தேன்" என்றாள் ரோஸ்லின். "அந்தப் பயல் கல்யாணமே வேணாம்கிறான். குளவியாவது போட்டுக்கட்டும்." அவளே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். வெட்டும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தேனிக்கும் போன் போனது. சாம்பிராணியை நிறுத்திவிட்டேன் அத்தை என்று நாச்சியார் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பச்சைக் குளவிதான் மரத்துக்குக் காவல், புகையில் அது செத்துவிட்டது என்றும் சொன்னாள்.

"காவலுக்கு வந்தவளையா புகை போட்டுக் கொன்ன?" என்று அன்னக்கிளி போனிலேயே எகிறினாள். "உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்காத்தா? யாரு உன்னைய அம்புட்டுப் போடச் சொன்னது?"

நாச்சியார் போனை வேல்மயிலிடம் நீட்டினாள்.

வேல்மயிலும் டிப்போ நண்பர்களும் ஏறி, கைக்கெட்டிய காய்களையெல்லாம் நறுக்கி மூடி போட்ட டிரம்மில் போட்டார்கள். நுனிக்கிளைகளில் இருந்தவை எட்டவில்லை. நடுக்கிளையில் நெட் பைகள் ஐந்து தொங்கின. காற்றில் அவை ஆடும்போது மரமே முகூர்த்தத்துக்கு நிற்பது போலிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம், "யாருக்கு நாச்சி கல்யாணம்?" என்றார்கள்.

ஒரு வாரம் மழை. எதுவும் நடக்கவில்லை. பத்தாம் நாள் இன்னும் சில இலைகள் சுருண்டன. வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் அழுத்தினால் விரல் பதிந்தது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நாச்சியார் தன்னையறியாமல் தூபக்காலை எடுத்துவிட்டாள். கங்கும் போட்டாயிற்று. ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துடித்தது. எதுவும் செய்யாமல் ஒரு மரத்தடியில் நிற்பது எவ்வளவு கடினம் என்று அந்தப் பனி தேசத்துக் கதைகளில் ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. நெடுநேரம் நின்றாள். பிறகு கங்கின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

பதினான்காம் நாள் வெயில் வந்தது. நெட் பைகளின் மேல் பச்சைப் பொடி தூவினாற்போல் மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிளம்பிப் பறந்து கிளையெங்கும் பரவியது.

இருபத்தொன்றாம் நாள் பொன்மலர் கண்ணைத் திறந்துகொண்டே ஏறினாள். நுனிக்கிளையை வளைத்துப் பத்துக் காய்களை அறுத்தாள். வீட்டுக்குள் நாச்சியார் தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருக்க, பொன்மலர் எதிரே அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்தாள். முதல் காயில் வெள்ளைப் புழு. இரண்டாவதிலும் புழு. மூன்றாவதில் புழுவின் மேல் இன்னொரு குட்டிப் புழு ஒட்டிக்கொண்டிருந்தது. "வந்துட்டா" என்றாள் பொன்மலர். பத்தும் முடிந்தபோது ஆறில் பச்சைக் குளவியின் பிள்ளை இருந்தது.

"போதுமா மேடம்?"

"தாராளம்." பேனாவை எடுத்தாள். யாரும் நிரப்பாத அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதி, மேலே இருந்த நோட்டீஸைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். ஏணியில் நின்றிருந்த வேல்மயில் சத்தம் போட்டுச் சிரித்தான். சுவர் இறுக இரண்டு வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான் என்றாள் பொன்மலர். பிள்ளை வந்து ஒரு வாரத்தில் குடிபோய்விடலாம்.

"சாறு ஒழுங்கா ஏறுதான்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருதேன்." பையிலிருந்து டாக்டர் வைக்கிற மாதிரி ஒரு குழாயை எடுத்துச் சுவரில் வைத்தாள். கேட்டாள். நெற்றி சுருங்கியது. குழாயை நாச்சியாரின் காதில் மாட்டினாள்.

தூரத்தில் வாய்க்கால் ஓடுவது போன்ற சலசலப்பு, மரத்தின் சாறு. அதற்கு மேல், மிக மெலிதாக, ஆனால் மிக ஒழுங்காக, டிக் டிக் டிக். நின்றது. மறுபடி டிக் டிக் டிக்.

"சார், வெளிப்பக்கம் பாருங்க. என்ன இருக்கு?"

வேல்மயில் ஏணியிலிருந்து சாய்ந்து எட்டிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல மேடம். நம்ம பச்சைக் குளவிதான் ஒண்ணு. மீசையை வச்சு நம்ம சுவத்தைத் தட்டிக்கிட்டு நிக்குது."

பொன்மலரும் நாச்சியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவளுக்கு இதுவும் ஒரு காய்தான் போல" என்றாள் பொன்மலர். "கொஞ்சம் பெரிய காய். உள்ள ஏதாவது நெளியுதான்னு கேக்கா."

அந்த நேரம் பார்த்து, நாச்சியாரின் வயிற்றுக்குள் இருந்தது ஓங்கி ஓர் உதை விட்டது.

"ஏ நாச்சி, வாலை வளைக்குது!" என்றான் வெளியிலிருந்து வேல்மயில். "ஊசியை இறக்கப் பாக்குது!"

"அவ ஊசி நெல்லு நீளம், சுவரு ஒரு சாண். பயப்படாதீங்கக்கா" என்றாள் பொன்மலர். ஆனால் அவளும் சுவரிலிருந்து சற்று நகர்ந்துதான் உட்கார்ந்தாள்.

நாச்சியார் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். மரம் கட்டிக் கொடுத்த வெள்ளைச் சுவர், மரம் தருகிற கதகதப்பு, நடுவில் மடங்கிக் கிடக்கிற ஓர் உயிர். வெளியே இருப்பவள் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. முறைப்படி வந்து, கதவைத் தட்டி, உள்ளே யாரும் உண்டா என்றுதான் கேட்கிறாள். ஒரு வாரமாக இந்த வீட்டைக் காப்பாற்றியவள் வேறு. பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை.

அவள் விரலை மடக்கி உட்சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"உள்ள ஆள் இருக்கு!" என்றாள் சத்தமாக.

டிக் டிக் நின்றது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பச்சைக் குளவி மீசையைத் துடைத்துக்கொண்டது, ஒரு சாண் தள்ளிப் போய் உட்கார்ந்தது, மறுபடியும் தட்டத் தொடங்கியது.